சொந்தமாக வாங்கிய கேமை எமுலேட்டரில் ஓட்டினால் குற்றமா?

நீங்கள் கேட்டது எமுலேட்டர், அதாவது பிளேஸ்டேஷன் போன்ற கேம் இயந்திரமாக (கன்சோலாக) நடித்து அதன் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் நிரல், "சட்டப்படி சரியா, தப்பா" என்று. ஆனால் கீழே எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் உங்கள் கவலை அதைவிடக் குறிப்பானது. வீட்டில் லென்ஸ் போன ஒரு பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது, அதற்குக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பதினைந்து டிஸ்க் இருக்கிறது, சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த நிண்டெண்டோ ஸ்விட்சும் நாலு கேட்ரிட்ஜும் இருக்கின்றன. ஆகஸ்டில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறீர்கள், இதையெல்லாம் பெட்டியில் தூக்கிக்கொண்டு போக முடியாது, லேப்டாப்பில் போட்டு விளையாடலாமா என்று கேட்கிறீர்கள். ஒரு நண்பர் "சோனியே கேஸ் போட்டுத் தோற்றுப்போனது, தாராளமாகச் செய்" என்கிறார். இன்னொருவர் "ஸ்விட்ச் எமுலேட்டரான யூசூவை இழுத்து மூடினார்களே, இப்போது எமுலேட்டர் என்றாலே சட்டவிரோதம்" என்கிறார். இரண்டு பேரும் உண்மையில் நடந்த வழக்குகளைத்தான் சொல்கிறார்கள். ஆனால் முதல் வழக்கு எமுலேட்டர் எழுதுவதைப் பற்றியது, இரண்டாவது கேமைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைப் பற்றியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் தெளிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவது என் தொழில். பல வருடங்களுக்கு முன்னால் கற்றுக்கொள்வதற்காக, நிண்டெண்டோவின் பழைய கையடக்க கன்சோலான கேம் பாய்க்கு ஒரு எமுலேட்டர் எழுத ஆரம்பித்தேன். அதை வெளியிடலாமா என்ற பயத்தில்தான் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன், அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. அதனால் கீழே இருப்பது தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் உட்கார்ந்து படித்த ஒரு எஞ்சினியர் சொல்வது. உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் என் பதிலைக் காட்டாதீர்கள், வக்கீலிடம் போங்கள்.

எமுலேட்டரில் ஒரு கேம் ஓடுகிறது என்றால் அங்கே நாலு சமாச்சாரம் கலந்திருக்கிறது. ஒன்று எமுலேட்டர் என்கிற நிரல், யாரோ தங்கள் கையால் எழுதியது. அடுத்தது பயாஸ், அதாவது கன்சோலுக்குள்ளேயே இருக்கும் கம்பெனியின் சொந்த நிரல். மூன்றாவது கேமின் நகல். நாலாவது, அந்த நகலை எடுப்பதற்கோ ஓட்டுவதற்கோ இடையில் ஏதாவது பூட்டைத் திறக்க வேண்டியிருந்ததா என்பது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பதில் வேறு. "எமுலேட்டர் சட்டப்படி சரி" என்று சொல்பவர் முதல் சமாச்சாரத்தை மட்டும் பார்க்கிறார், "சட்டவிரோதம்" என்பவர் நாலாவதை மட்டும் பார்க்கிறார்.

முதலாவதில் சந்தேகமே வேண்டாம். 1999 ஜனவரியில் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி மேக் கம்ப்யூட்டரில் பிளேஸ்டேஷன் கேம்களை ஓட்டும் ஒரு எமுலேட்டரைக் காசுக்கு விற்க வந்தது. அதை எழுதும்போது அவர்கள் கடையில் ஒரு பிளேஸ்டேஷன் வாங்கி, அதன் பயாஸை நகலெடுத்து, தங்கள் நிரலுக்குள் மறுபடி மறுபடி ஓடவிட்டு அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். கடைசியில் விற்பனைக்கு வந்த நிரலில் சோனியின் வரி ஒன்றுகூட இல்லை, பயாஸை அவர்களே புதிதாக எழுதியிருந்தார்கள். சோனி வழக்குப் போட்டது, கீழ் நீதிமன்றம் தடையாணையும் கொடுத்தது. ஆனால் 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. ஆராய்ச்சிக்காக இடையில் எடுத்த நகல்கள் நியாயமான பயன்பாடு (உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் விட்டுவைக்கும் பயன்பாடு), பிளேஸ்டேஷன் கேமை வேறொரு இயந்திரத்தில் ஓட வைப்பது புதிய ஒரு பொருள், அதனால் சோனிக்கு வியாபாரப் போட்டி வருகிறது என்பதற்காகத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அடுத்த வருடமே சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. அதே காலத்தில் பிளீம் என்ற இன்னொரு எமுலேட்டரின் மீதும் சோனி வழக்குப் போட்டது, விளம்பரத்தில் பிளேஸ்டேஷன் திரைப் படங்களை ஒப்பிட்டுக் காட்டியது பற்றிய மேல்முறையீட்டில் பிளீமுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்குச் செலவு தாங்காமல் 2001-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஜெயித்தும் அழிந்துபோகலாம் என்பதை எமுலேட்டர் எழுதுபவர்கள் அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள், பிற்பாடு யூசூ விஷயத்தைப் பேசும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. 2018-ல் சோனி வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டிக்குள் கேம்களை ஓட்டியது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு திறந்தமூல எமுலேட்டர். 2024 ஏப்ரலில் ஆப்பிளும் தன் ஆப் ஸ்டோரில் பழைய கேம் எமுலேட்டர்களை அனுமதித்துவிட்டது. எமுலேட்டர் என்பதே குற்றம் என்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

பூட்டு விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் கேம் பாய் எமுலேட்டர் எழுதும்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் எங்கே எப்படி மாறியது என்பது அதிலிருந்து நன்றாகப் புரியும். கேம் பாயை ஆன் செய்ததும் நிண்டெண்டோ என்ற எழுத்து மேலிருந்து மெதுவாக இறங்கி வந்து நடுவில் நிற்கும், ஒரு டிங் சத்தம் வரும், அப்புறம் கேம் தொடங்கும். அந்த லோகோ கன்சோலிலிருந்து வருவதில்லை. உள்ளே இருக்கும் 256 பைட் நிரல், கேட்ரிட்ஜில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் 48 பைட்டைப் படித்து அதைத்தான் திரையில் வரைகிறது. கேட்ரிட்ஜே போடாமல் ஆன் செய்தால் லோகோ வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இறங்கி வரும். என் நிரல் முதன்முதலாக ஓடிய ராத்திரி எனக்கு வந்ததும் அந்தக் கறுப்புப் பட்டைதான், கேட்ரிட்ஜைப் படிக்கும் பகுதியில் தப்பு செய்திருந்தேன். லோகோவை வரைந்தபின் அந்த 48 பைட்டையும் தன்னிடம் இருக்கும் பிரதியோடு ஒப்பிடும், ஒரு பிட் மாறியிருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஆக, அனுமதி வாங்காமல் கேம் தயாரிக்கும் ஒருவன் அது ஓட வேண்டுமென்றால் நிண்டெண்டோவின் வணிகச் சின்னத்தைத் தன் கேட்ரிட்ஜில் போட்டே ஆக வேண்டும். போட்டால் சின்னத்தைத் திருடினான் என்று வழக்குப் போடலாம். கணக்குச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

இதே உத்தியைச் சேகாவும் கையாண்டது, அதுதான் நீதிமன்றம் வரை போனது. சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு அனுமதி வாங்காமல் கேம் தயாரித்த அக்கோலேட் என்ற கம்பெனி, சேகாவின் கேம்களைப் பிரித்துப் படித்து, எந்த இடத்தில் என்ன எழுத்து இருந்தால் கன்சோல் ஏற்கிறது என்று கண்டுபிடித்துத் தன் கேமிலும் சேர்த்தது. மொத்தமே 20-25 பைட். விளைவாக அக்கோலேட்டின் கேம் தொடங்கும்போது "சேகாவின் தயாரிப்பு அல்லது சேகாவின் உரிமம் பெற்றது" என்ற பொருளில் ஒரு வரி திரையில் வந்தது. 1992-ல் வந்த தீர்ப்பு அக்கோலேட்டின் பக்கம் நின்றது. ஒத்திசைந்து ஓடுவதற்கு வேண்டிய விவரம் வேறு வழியில் கிடைக்காதபோது நிரலைப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு என்றது. திரையில் வரும் பொய்யான வரிக்கும் அப்படிப் பூட்டை அமைத்த சேகாவே பொறுப்பு என்றது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. பதிப்புரிமை ஒரு படைப்பைக் காப்பதற்கு, அதைக் கொண்டு ஒரு இயந்திரத்தின் வாசலையே அடைத்து வைக்க முடியாது என்ற எண்ணம் அதில் ஊடுருவி நிற்கிறது.

சரி, இந்தத் தீர்ப்புகள் எதுவும் பூட்டு உடைப்பதற்கென்று வந்த தனிச் சட்டத்தைப் பற்றியவை அல்ல. அமெரிக்கா 1998-ல் டிஎம்சிஏ என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 1201-வது பிரிவு ஒரு புதிய தப்பை உண்டாக்கியது: படைப்பை நகலெடுத்தாயா, விற்றாயா என்ற கேள்வியே இல்லாமல், அதைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டைத் தாண்டினாலே தப்பு, தாண்டுவதற்கான கருவியைக் கொடுத்தாலும் தப்பு. சொந்தக் காசில் வாங்கிய பொருளாக இருந்தாலும் இதேதான். ஒத்திசைவுக்காகப் பிரித்துப் படிப்பவர்களுக்கு அதே பிரிவில் 1201(எஃப்) என்ற விலக்கு இருக்கிறது, படித்தால் எமுலேட்டருக்காகவே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அதை நம்பிப் போனவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஸ்டார்கிராஃப்ட் போன்ற கேம்களை இணையத்தில் ஆட பிளிசார்டின் பேட்டில்.நெட் சர்வருக்குப் போக வேண்டும். சில தன்னார்வலர்கள் பிநெட்டி என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் சர்வர் நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். பேட்டில்.நெட் உள்ளே விடுவதற்கு முன் சிடி கீ, அதாவது வாங்கிய கேமோடு வரும் தனிக் குறியீடு, உண்மையானதா என்று பார்க்கும். பிநெட்டியால் அதைச் சரிபார்க்க வழி இல்லை, அந்த விவரம் பிளிசார்டிடம் மட்டுமே இருந்தது. 2005-ல் எட்டாவது வட்ட நீதிமன்றம் தன்னார்வலர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கள்ளப்பிரதி வைத்திருப்பவர்களும் அங்கே போய் ஆட முடிந்ததால் 1201(எஃப்) அவர்களைக் காப்பாற்றவில்லை. எமுலேட்டர் எழுதுபவர்கள் கனெக்டிக்ஸ் தீர்ப்பைச் சொல்லும்போதெல்லாம் எதிர்த் தரப்பு எடுத்து வைக்கக்கூடியது இந்தத் தீர்ப்பு.

இப்போது ஸ்விட்சுக்கு வருவோம். ஸ்விட்ச் கேட்ரிட்ஜில் இருப்பது 48 பைட் லோகோ மாதிரி சமாச்சாரம் கிடையாது, கேம் முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். திறப்பதற்கான சாவிகள் கன்சோலுக்குள் இருக்கின்றன. யூசூ அந்தச் சாவிகளைத் தன்னோடு கொடுக்கவில்லை, பயனரே தன் கன்சோலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஓடும் நேரத்தில் கேமை அவிழ்க்கும். 2024 பிப்ரவரி 26-ம் தேதி நிண்டெண்டோ ரோட் ஐலண்டில் வழக்குப் போட்டது. எமுலேட்டர் எழுதுவதே தப்பு என்று அவர்கள் வாதத்தை நடுவில் வைக்கவில்லை. சாவியைக் கொண்டு அவிழ்க்கிறதே, அதுதான் பூட்டு உடைப்பு, யூசூ அதற்கான கருவி என்றார்கள். சாவி எடுக்கும் வழியை யூசூவின் இணையதளமே சொல்லிக்கொடுத்தது, 2023 மே மாதம் வெளிவர வேண்டிய செல்டா கேம் முன்கூட்டியே கசிந்து பத்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது, அந்தச் சமயத்தில் யூசூவுக்கு வந்த மாதச் சந்தா கூடியது என்றெல்லாம் மனுவில் அடுக்கினார்கள். ஒரே வாரத்தில், மார்ச் 4-ம் தேதி, யூசூ தரப்பு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு எமுலேட்டரையும் இணையதளத்தையும் மூடியது. நிண்டெண்டோவின் கையடக்க கன்சோலான 3டிஎஸ்-க்கு அதே குழு எழுதிய சிட்ரா எமுலேட்டரும் கூடவே போனது.

இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். யூசூ வழக்கில் எந்த நீதிபதியும் இரு தரப்பு வாதத்தையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. யூசூ சட்டத்தை மீறியது என்று அந்த உத்தரவில் ஒரு வாசகம் இருப்பது உண்மை, ஆனால் அது இரண்டு பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு எழுதி நீதிமன்றத்தில் முத்திரை வாங்கிய வாசகம். அடுத்த வழக்கில் இன்னொரு நீதிபதியைக் கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகாது. கனெக்டிக்ஸ் தீர்ப்பை அது ரத்து செய்யவும் இல்லை. 2024 அக்டோபரில் நின்றுபோன ரியூஜின்எக்ஸ் என்ற இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டர் விஷயத்தில் வழக்கே கிடையாது, நிண்டெண்டோ அதை நடத்தியவரைத் தொடர்புகொண்டு பேசியது, அவர் நிறுத்திவிட்டார். நிண்டெண்டோவின் பழைய வீ கன்சோல் கேம்களை ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரை 2023-ல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் போட இருந்தார்களே, அதுவும் வழக்கில்லாமல்தான் நின்றது. ஸ்டீம் நடத்தும் வால்வ் நிண்டெண்டோவிடம் கேட்டது, நிண்டெண்டோ டிஎம்சிஏ-வைச் சுட்டி வேண்டாம் என்றது. டால்ஃபினின் மூல நிரலுக்குள்ளேயே எல்லா வீ கன்சோல்களுக்கும் பொதுவான சாவி இருக்கிறது, அது பல வருடமாக இருக்கிறது, டால்ஃபின் இன்றைக்கும் அவர்கள் தளத்தில் கிடைக்கிறது. ஆக, குறியாக்கம் செய்த கேமைப் பயனர் கொடுக்கும் சாவியால் அவிழ்க்கும் எமுலேட்டர் டிஎம்சிஏ-வை மீறுகிறதா என்ற கேள்வி அமெரிக்காவில் இன்னும் திறந்தே கிடக்கிறது. என் ஊகம் என்று கேட்டால், அது தீர்ப்பு வரை போனால் எமுலேட்டர் தரப்புக்குக் கஷ்டம்தான். கேம் கன்சோலின் பூட்டைத் தாண்டிக் கேமை நகலெடுக்கத் தனியாளுக்கு எந்த விலக்கும் அங்கே இல்லை, அவிழ்ப்பதுதான் பூட்டு உடைப்பு என்ற வாதம் சட்டத்தின் சொற்களோடு ஒட்டிப் போகிறது. ஆனால் இது ஊகம்.

மற்ற நாடுகளில் இதே கேள்விக்கு வேறு பதில்கள் வந்திருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் "சிப் போட்ட பிளேஸ்டேஷன்" என்று சொல்வோமே, அந்தச் சிப் பற்றிய வழக்கு ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் உள்விளிம்பில் சாதாரண சிடி எழுதியால் எழுத முடியாத ஒரு நெளிவு இருக்கும், அதில் நாட்டுக் குறியீடு பொதிந்திருக்கும், அதைப் படித்தால்தான் கன்சோல் கேமைத் தொடங்கும். சிப் அந்தக் குறியீட்டைத் தானே கொடுத்து ஏமாற்றும். அந்தப் பூட்டு நகலெடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த நகலை ஓட்டுவதைத்தான் தடுக்கிறது, அதனால் அன்றைய ஆஸ்திரேலியச் சட்டம் சொல்லும் பாதுகாப்பு முறைக்குள் அது வராது என்று 2005-ல் சோனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அப்புறம் அமெரிக்காவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்காகச் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் நிண்டெண்டோ வழக்கொன்றில், பூட்டு அளவுக்கு மீறி நியாயமான பயன்பாடுகளையும் அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஜப்பானில் முறையற்ற போட்டித் தடைச் சட்டத்தின் கீழ் வருவதால் அங்கே இன்னும் கடுமை.

இந்தியாவுக்கு வருவோம், ஏனென்றால் ஆகஸ்ட் வரை நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது, பூட்டு பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது, அந்த ஜூன் 21 முதல் அமலில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பூட்டை உடைப்பது மட்டும் இங்கே குற்றமாகாது. இந்தச் சட்டம் தரும் உரிமைகளை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை இந்தப் பிரிவு தடுக்காது என்றும் கீழேயே எழுதியிருக்கிறது. இன்னொருவர் பூட்டைத் தாண்ட நீங்கள் உதவினால் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாம் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் உண்டு. இதை நடைமுறையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் கடை போட்டு "சிப் போட்டுத் தருகிறோம்" என்பவர்களுக்கு இது பொருந்தும்.

அப்படியானால் சொந்த கேமை நகலெடுப்பது உரிமை மீறலா என்பதுதான் அடுத்த கேள்வி, அதற்கு 52-வது பிரிவைப் பார்க்க வேண்டும். 52(1)(ஏஏ)-வின்படி, சட்டப்படி கையில் இருக்கும் கம்ப்யூட்டர் நிரல் தொலைந்துபோனால், கெட்டுப்போனால் என்று பாதுகாப்புக்காக ஒரு காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம். (ஏபி)-யின்படி, ஒத்திசைவுக்கு வேண்டிய விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காவிட்டால் அதைப் பெறத் தேவையானதைச் செய்யலாம், இது எமுலேட்டர் எழுதுபவர்களுக்கு. (ஏடி)-யின்படி, சட்டப்படி தானே பெற்ற பிரதியிலிருந்து, வியாபார நோக்கமில்லாத சொந்தப் பயனுக்கு நகல் எடுக்கலாம். இந்த (ஏடி) ஒன்றே உங்களுக்குப் பெரிய துணை. உலகத்தில் பல நாடுகளில் இவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதிவைக்கவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு கேம் வெறும் கம்ப்யூட்டர் நிரல் இல்லை. அதில் ஓவியம், இசை, நடிப்பு, காட்சி எல்லாம் இருக்கிறது, சட்டத்தில் இவை தனித்தனிப் படைப்புகள். (ஏஏ), (ஏடி) இரண்டும் நிரலை மட்டுமே பேசுகின்றன. மீதிக்கு 52(1)(ஏ) என்ற பொதுப் பிரிவைப் பிடிக்க வேண்டும், கம்ப்யூட்டர் நிரல் தவிர்த்த எந்தப் படைப்பையும் சொந்தப் பயனுக்கு நியாயமாகக் கையாளலாம் என்கிறது அது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கேம் முழுவதுக்கும் பாதுகாப்புக் கிடைக்கிறது என்பது என் வாசிப்பு. சட்டத்தின் சொற்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனாலும் சொற்கள் இடம் கொடுப்பது வேறு, ஒரு நீதிபதி ஒப்புக்கொள்வது வேறு. ஸ்விட்சை ஆன் செய்தபோது நீங்கள் ஒப்புக்கொண்ட பயனர் ஒப்பந்தமும் இருக்கிறது. அதை மீறுவது குற்றம் ஆகாது, ஆனால் கம்பெனி உங்கள் கன்சோலை இணையச் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடலாம், நிண்டெண்டோ அப்படிச் செய்வது வழக்கம்தான்.

உங்கள் பதிவில் போகிறபோக்கில் "டிஸ்க் கீறல் விழுந்திருந்தால் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தானே, என்னிடம் ஒரிஜினல் இருக்கிறதே" என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு இரண்டு நாட்டிலும் பதில், கூடாது. மேலே சொன்ன பிரிவுகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும் பிரதியிலிருந்து நீங்கள் எடுக்கும் நகலைத்தான் காக்கின்றன, வேறொருவன் அனுமதியில்லாமல் எடுத்து ஏற்றிய நகலை இறக்குவதைக் காப்பதில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு 63பி என்று தனிப் பிரிவும் இங்கே இருக்கிறது, ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை. லாப நோக்கம் இல்லையென்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. "24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் தப்பில்லை" என்று, கேம் நகல்களை இறக்கத் தரும் ரோம் தளங்களில் எழுதியிருப்பார்கள், அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. "கம்பெனியே கைவிட்ட பழைய கேம்" என்ற வாதமும் நிற்காது. அமெரிக்காவில் கம்பெனிக்காக எழுதிய படைப்புக்கு வெளியான நாளிலிருந்து 95 வருடம் உரிமை, 1985-ல் வந்த ஒரு கேம் 2080 முடியும்வரை பூட்டியே இருக்கும்.

இது சரியான சட்டம் என்று நான் நினைக்கவில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. விற்பவன் விற்க மாட்டான், நூலகத்துக்கும் கொடுக்க மாட்டான், அழிந்துபோவதையும் யாரும் தடுக்கக் கூடாது என்றால் அந்தப் படைப்புகளை எழுதியவர்களின் உழைப்பு எங்கே போகும்? பூட்டு விதிக்கு விலக்குகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கும் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், நூலகங்கள் பழைய கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியே காட்ட அனுமதி கேட்டதை 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இன்றைக்குப் பழைய கேம்கள் உயிரோடு இருப்பதற்கு, 1997-லிருந்து, கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிரலில் எழுதிவைத்துக்கொண்டிருக்கும் மேம் என்ற எமுலேட்டர் குழு போன்ற கூட்டங்கள்தான் பெரிய காரணம்.

சரி, உங்கள் விஷயத்தை முடிக்கிறேன். ஸ்விட்சைப் பொறுத்தவரை, அது நன்றாக ஓடுகிறது, கையடக்கமாகவும் இருக்கிறது, நாலு கேட்ரிட்ஜ் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கும், பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இந்தியாவில் நீங்களே உங்கள் கேட்ரிட்ஜை நகலெடுத்தால் 65ஏ-வின்படி குற்றமாகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கன்சோலைத் திறந்து சாவி எடுத்து, இணையத் தடையையும் வரவழைத்துக்கொண்டு, அமெரிக்காவில் அதை அவிழ்த்து ஆடும்போது அங்கே இன்னும் தீராத கேள்விக்குள் போய் உட்காருவதற்கு உங்களுக்குத் தேவை எதுவும் இல்லை.

பிளேஸ்டேஷன் 2 வேறு கதை. அதன் டிஸ்க்கில் கேம் குறியாக்கம் செய்யப்படவில்லை, டிஸ்க் அசல்தானா என்ற சோதனையைக் கன்சோல்தான் செய்கிறது. சாதாரண டிவிடி டிரைவ் அதை மற்ற டிவிடி போலவே படிக்கும், அங்கே உடைப்பதற்குப் பூட்டே இல்லை. ஆகவே காசு கொடுத்து வாங்கிய பதினைந்து டிஸ்க்கையும் நீங்களே நகலெடுத்து எமுலேட்டரில் ஆடுவதில் எனக்குத் தெரிந்து கடுமையான சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பயாஸ் மட்டும் சோனியின் சொத்து, நெட்டிலிருந்து இறக்காதீர்கள், உங்கள் கன்சோலிலிருந்தே எடுங்கள். லென்ஸ் போனாலும் பரவாயில்லை, மெமரி கார்டு வழியாக ஒரு சின்ன நிரலை ஓட்டிப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளலாம், மொத்தம் 4 எம்பிதான். அதே மெமரி கார்டில் நீங்கள் சேமித்து வைத்த ஆட்டங்களையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளைத் தூக்கிப் போடவோ விற்கவோ வேண்டாம், சட்டம் காப்பது கையில் அசல் வைத்திருப்பவரின் நகலைத்தான், அம்மாவிடம் சொல்லி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். இரண்டு டிஸ்க்கில் கீறல் என்று எழுதியிருந்தீர்கள், அவற்றை முதலில் எடுங்கள். வேகத்தைக் குறைத்து இரண்டு மூன்று தடவை, முடிந்தால் வேறொரு டிரைவிலும் படித்துப் பாருங்கள், ஒன்றில் படிக்காதது இன்னொன்றில் பல தடவை படித்திருக்கிறது.